யார் தலையிலும் இல்லாத அறிவு: ஜெராக்ஸ் டெக்னீஷியன்களின் கதை

“ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா” என்று சொல்லும்போது அது ஒரு கம்பெனியின் பெயர் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அந்த அமெரிக்கக் கம்பெனி 1959-இல் 914 என்றொரு மெஷினைக் கொண்டுவந்தது. சாதாரணத் தாளில் நகல் எடுத்துச் சந்தையிலும் ஜெயித்த முதல் அலுவலக மெஷின் அதுதான். 9-க்கு 14 அங்குலத் தாள் வரை போகும் என்பதால் அந்த எண்ணே பெயராயிற்று. உள்ளே தாள் சிக்கினால் சூட்டில் பற்றிக்கொள்ளலாம் என்று கூடவே ஒரு சின்னத் தீயணைப்பானையும் கொடுத்தார்கள். மெஷினைப் பெரும்பாலும் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள். வாடகை மெஷின் நின்றால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு மட்டுமில்லை, கம்பெனிக்கும்தான். அதனால் பழுது பார்க்க வரும் டெக்னீஷியன் அங்கே ஓரத்தில் நிற்கும் ஆள் இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்குக் கம்பெனி என்பதே அவர்தான்.

இந்தக் கட்டுரை அந்த டெக்னீஷியன்களைப் பற்றியது. வேலையிடத்தில் புது அறிவு எங்கே உருவாகிறது என்று கேட்டால் ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டுவோம், இல்லாவிட்டால் பயிற்சி வகுப்பைக் காட்டுவோம். இங்கே அது கெட்டுப்போன ஒரு மெஷினின் முன்னால், இரண்டு பேர் கதை பேசிக்கொண்டிருந்தபோது உருவானது. கம்பெனி அதைப் புரிந்துகொண்டு அதற்கு ஒரு வழி செய்ய ஏறக்குறைய பத்து வருஷம் ஆனது.

மேனுவல் போட்ட கணக்கு

1980களில் நகல் மெஷின்கள் சிக்கலாகிவிட்டன. மோட்டார், லென்ஸ், உயர் மின்னழுத்தம், சூடு, தூள் மை, இவற்றையெல்லாம் கட்டி மேய்க்கும் மின்னணு போர்டுகள். கம்பெனி இதற்குக் கண்ட வழி, வரிவரியாகக் கட்டளையிடும் ஒரு மேனுவல். இந்த எரர் கோட் வந்தால் இங்கே வோல்டேஜ் பார். சரியாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போ. இல்லையென்றால் இந்த போர்டை மாற்று. டெக்னீஷியன் மெஷினைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்தால் போதும் என்பதுதான் அதன் அடிப்படை. கம்பெனி தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பயிற்சி நாட்கள் குறையும். யார் போனாலும் ஒரே மாதிரி வேலை நடக்கும்.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அன்றாடக் கோளாறுகளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் ‘மேனுவல்படிதான் செய்தேன்’ என்று காட்டவும் உதவியது. சிக்கல், அதை எழுதியவர் நினைத்தே பார்க்காத கோளாறுகளில்தான். தொழிற்சாலையை விட்டு வரும்போது எல்லா மெஷினும் ஒரே அச்சு. அப்புறம் ஒன்று ஈரமான அறைக்குப் போகிறது, ஒன்று தூசிக்குள் போகிறது. ஒன்றை ஒரே ஆள் பதமாக ஓட்டுகிறார், இன்னொன்றில் பத்துப் பேர் கைவைக்கிறார்கள். சில வருஷத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் வந்துவிடுகிறது. மேனுவல் அந்த மாடலை அறியும்; அந்த அறையில் நிற்கும் அந்த மெஷினை அறியாது.

கூடவே போன ஆள்

ஜெராக்ஸ் கம்பெனி 1970-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பார்க் என்ற ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியிருந்தது. ஜன்னலும் மவுஸுமாக நாம் இன்று பழகும் கணினியின் முன்னோடி பிறந்தது அங்கேதான். அதே மையத்திலிருந்து 1980களின் நடுவில் ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் டெக்னீஷியன்களின் வேலையைப் பார்க்கக் கிளம்பினார். அவரே முன்பு டெக்னீஷியனாக இருந்தவர். இவர்களுக்கான பயிற்சி வகுப்பிலும் உட்கார்ந்தார். வேலைக்குப் போகும்போது கூடவே போனார், சாப்பிடும்போது கூடவே சாப்பிட்டார்.

அவர் பார்த்ததில் முக்கியமானது, இவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள் என்பது. காலைச் சாப்பாட்டு மேசையில், வண்டி நிறுத்துமிடத்தில், மெஷினின் முன்னால் மண்டியிட்டபடி, எப்போதும் மெஷின் பேச்சுதான். எந்த இடத்து மெஷின் எப்படிப் படுத்தியது, யார் எதை மாற்றினார், எது பலிக்கவில்லை. மேலே இருந்து பார்க்கும் மேனேஜருக்கு இது வெட்டி அரட்டை. கம்பெனியின் கணக்கில் பழுது பார்ப்பது தனியாள் வேலை: ஓர் ஆள், ஒரு மேனுவல், ஒரு மெஷின். ஜூலியனின் பதிவில் அது கூட்டு வேலையாக இருந்தது, அதன் பெரும்பகுதி பேச்சாக இருந்தது.

ஈ-053

அவர் பதிவு செய்த கதைகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மெஷின் நின்றுவிடுகிறது. திரும்ப இயக்கினால் ஈ-053 என்ற எரர் கோட் காட்டுகிறது. கோடின் அர்த்தப்படி கோளாறு 24 வோல்ட் பவர் சப்ளையில். மேனுவல் அந்தப் பக்கம்தான் அனுப்பும். நீங்கள் பவர் சப்ளையைக் குடைந்துகொண்டே இருக்கலாம், ஒன்றும் கிடைக்காது.

உண்மையான குற்றவாளி வேறு இடத்தில் இருந்தது. டைகொரோட்ரான் என்று ஒரு பாகம்: கண்ணாடிப் பூச்சுள்ள மெல்லிய கம்பி, உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் கொடுப்பது. அது ஷார்ட் ஆனால் முன்பெல்லாம் ஒரு போர்டு கருகிப்போகும். செலவுதான், ஆனால் எங்கே கோளாறு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிறகு போர்டின் அமைப்பை மாற்றினார்கள். இப்போது போர்டு கருகுவதில்லை. அதற்குப் பதிலாக 24 வோல்ட் சப்ளை டிரிப் ஆகிறது, மெஷின் நிற்கிறது, ஈ-053 வருகிறது. அதாவது மெஷினைச் சீர்திருத்தியதால் அடையாளம் இடம் மாறிவிட்டது. மேனுவலில் இந்த மாற்றம் ஏறவில்லை.

கதையைச் சொன்ன டெக்னீஷியனும் அவருடைய சகாவும் நான்கு மணி நேரம் இதன் பின்னால் அலைந்திருக்கிறார்கள். கடைசியில் மெஷின் எப்படியோ கொஞ்ச நேரம் ஓடியபோது ஈ-053-உடன் எஃப்-066 என்ற இன்னொரு கோடும் சேர்ந்து வந்தது. அதுதான் துப்பு. டைகொரோட்ரான்களைச் சோதித்தார்கள், ஒன்று செத்துக்கிடந்தது. புதிதாக ஒன்றைப் போட்டார்கள், ஓடிவிட்டது.

இந்தக் கதைக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள்: பழைய போர்டு எப்படி நடந்துகொண்டது, புது போர்டு எப்படி நடந்துகொள்கிறது, கோட் ஏன் பொய் சொல்கிறது, இரண்டாவது கோட் வரும்வரை மெஷினை ஓடவைக்க வேண்டும் என்பது. கேட்டவர் ஒருவர் நாளை ஈ-053-ஐப் பார்த்தால் பவர் சப்ளைக்கு முன் வேறோர் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

ஐந்து மணி நேரம்

இன்னொரு சம்பவத்தில் ஒரு டெக்னீஷியனுக்குப் பிடிபடாத மெஷின். எரர் கோடுகள் ஒன்று சொல்கின்றன, மெஷின் நிற்கும் விதம் வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒட்டவில்லை. நிபுணர் ஒருவரைக் கூப்பிடுகிறார். அவருக்கும் விளங்கவில்லை. மெஷினையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது வாடிக்கையாளர் முன்னால் கைவிரிப்பது மாதிரி. கம்பெனியின் மானமும் போகும், இவர்கள் மானமும் போகும். எனவே உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணி நேரம் போனது. மெஷினை ஓட்டுகிறார்கள், அது நிற்கிறது, பேசுகிறார்கள், மறுபடி ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் இருவரும் மாற்றி மாற்றி ஒரு டஜன் கதைகள் சொல்லியிருக்கிறார்கள். ‘அந்த மெஷின் ஞாபகம் இருக்கா’ என்ற தினுசில் தொடங்கும் அரைகுறை நினைவுகள்தான். ஒவ்வொரு கதையும் அடுத்த சோதனைக்கு ஒரு யோசனை கொடுத்தது, ஒவ்வொரு சோதனையும் அடுத்த கதையைக் கிளப்பியது. கடைசியில் ஒருவர் நினைவின் துண்டும் இன்னொருவர் நினைவின் துண்டும் எதிரே இருந்த மெஷினின் நடத்தையும் ஒன்றோடொன்று பொருந்தின. கோளாறு பிடிபட்டது.

இங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். அந்த விடை காலையில் நிபுணரின் தலையில் இல்லை, டெக்னீஷியனின் தலையிலும் இல்லை. யாரையாவது உட்காரவைத்துப் பேட்டி எடுத்து அதை வெளியே கொண்டுவந்திருக்க முடியாது. ஐந்து மணி நேரப் பேச்சில் அது உண்டானது. அறிவைச் ‘சேகரிப்பது’, ‘கைப்பற்றுவது’ என்று நிர்வாகத்தார் பேசும்போது அது ஏற்கெனவே எங்கோ பானையில் இருப்பது போலவும், மூடியைத் திறந்து அள்ளினால் போதும் என்பது போலவும் ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மூத்தவர் ஒருவர் விலகும்போது இரண்டு வாரம் கே.டி. நடந்தது, அதாவது தெரிந்ததையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. அறுபது பக்க ஆவணம் எழுதி வாங்கினோம். அவர் போன பிறகு வந்த முதல் பெரிய சிக்கலில் அதைத் திறந்தோம். நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது, அன்றைக்கு எழுந்த கேள்வியைத் தவிர. அவர் மேல் தப்பில்லை. அந்தக் கேள்வி அவருக்கும் அதுவரை வந்ததில்லை.

வானொலி, அப்புறம் ‘புத்திசாலி’ மென்பொருள்

கம்பெனி சும்மா இருக்கவில்லை. பேச்சுதான் வேலை என்றால் பேச வழி செய்யலாமே என்று டென்வர் பகுதியில் டெக்னீஷியன்களுக்கு இருவழி வானொலிக் கருவி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் மாட்டிக்கொண்டால் காற்றில் கேட்பார், கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது பதில் சொல்வார். புதியவர்கள் பேசாமலேயே காது கொடுத்துக் கற்றார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சொன்னது காற்றோடு போயிற்று. அடுத்த ஊர்க்காரருக்கு எட்டவில்லை.

இன்னொரு பக்கம் பார்க் மையத்தின் கணினி அறிஞர்கள் வேறு பாதையில் போனார்கள். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதையே கணினிக்குள் மாதிரியாகக் கட்டி, கோளாறை அது தானே கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். கெட்டிக்கார வேலைதான். டெக்னீஷியன்களிடம் காட்டியபோது மரியாதையாகப் பாராட்டினார்கள். தங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது என்றும் சொன்னார்கள். மாதிரியில் இருப்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்த கோளாறுகள். அவை எங்களுக்கும் தெரியும். எங்களைத் திணறவைப்பது வடிவமைத்தவர்களுக்கே தெரியாதவை. இந்தப் பதிலைக் கேட்டு ஆராய்ச்சியாளர்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கதையில் எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடிய இடம் இது. வருஷக்கணக்கில் உழைத்துக் கட்டியதை ஓரமாக வைத்துவிட்டு, டெக்னீஷியன்கள் சட்டைப்பையில் வைத்திருந்த துண்டுச்சீட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

யுரேகா

ஆம், எல்லோரிடமும் குறிப்புகள் இருந்தன. மேனுவலில் இல்லாதவை, சொந்த அனுபவத்தில் கண்டவை, சகாவிடம் கேட்டு எழுதிக்கொண்டவை. இவற்றைப் பகிர 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஒரு முயற்சி நடந்தது, அதுவே யுரேகா. முதலில் அது ஓடியது மினிடெல் மேல். இணையம் வீடுகளுக்கு வருமுன்பே பிரான்ஸில் தொலைபேசிக் கம்பியில் ஓடிய, சின்னத் திரையும் விசைப்பலகையும் கொண்ட அதே மினிடெல்தான். பிறகு கனடா, அப்புறம் அமெரிக்கா, மடிக்கணினிகள். தலைமையகத்தில் பிறந்து கிளைகளுக்கு இறங்கிய திட்டம் இல்லை இது; எதிர்த்திசையில் வந்தது.

கம்பெனிகள் இப்படி ஒரு கிடங்கு தொடங்குவதும், ஆறு மாதத்தில் குப்பை நிறைந்து அதை யாரும் திறக்காமல் போவதும் புதிதல்ல. யுரேகா ஏன் அப்படிப் போகவில்லை? என் கணிப்பில் இரண்டு காரணங்கள், இரண்டுமே மென்பொருளுக்கு வெளியே.

ஒன்று, எழுதியதெல்லாம் நேராக உள்ளே போகவில்லை. ஒரு டெக்னீஷியன் குறிப்பு அனுப்பினால் அதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட சிலர் அதைப் பார்ப்பார்கள், சோதிப்பார்கள், எழுதியவரோடு பேசித் திருத்துவார்கள். தேறினால்தான் வெளியே வரும். ஆய்விதழ்களில் சக அறிஞர்கள் கட்டுரையைப் பரிசீலிப்பது போலத்தான். ஒருவருக்குப் பலித்தது என்பது ஒரு நம்பிக்கை. இன்னும் நாலு பேர் அதை உலுக்கிப் பார்த்தும் நின்றது என்றால் அதற்கு வேறு மதிப்பு. தனியாள் கண்டது அமைப்பின் சொத்தாக மாறுவது கணினியில் பதிவதால் அல்ல, இந்த உலுக்கலால்தான் என்று நினைக்கிறேன். சரி, இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அதற்குச் சம்பளம் தர வேண்டும். பிற இடங்களில் பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது இதுதான்.

இரண்டு, பெயர். குறிப்பு கொடுத்தால் பணம் தரலாமா என்ற யோசனை எழுந்தபோது டெக்னீஷியன்களே வேண்டாம் என்றார்கள். பணம் வந்தால் எண்ணிக்கை கூடும், தரம் போகும். ஆளாளுக்குக் குறிப்பு எழுதித் தள்ளுவார்கள் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கேட்டது, குறிப்போடு எழுதியவர் பெயர் இருக்க வேண்டும் என்பது. பெயர் இருந்தால் பெருமை உண்டு, கூடவே பொறுப்பும் உண்டு. தப்பான குறிப்பை நம்பி ஒருவர் மூன்று மணி நேரம் வீணாக்கினால் யாரைத் திட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பலன்? பிரேசிலில் ஒரு டெக்னீஷியன், தொல்லை கொடுத்த ஒரு கலர் மெஷினையே மாற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தார். மெஷின் விலை சுமார் 40,000 டாலர். அதற்கு முன் யுரேகாவில் தேடினார். கனடாவின் மான்ட்ரியலில் ஒருவர் எழுதிய குறிப்பு கிடைத்தது: ஃபியூஸைப் பிடித்து வைக்கும் சின்னப் பாகத்தைப் பார். ஒரு டாலர்கூடப் பெறாத அதை மாற்றினார், வேலை முடிந்தது. இப்படி ஒரு கதை கிடைத்தால் எந்தத் தலைமையகமும் அதை மேடை மேடையாகச் சொல்லும், சொன்னார்கள்.

கோட்பாட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள்

கம்பெனிகளுக்குள் அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராயும் துறையில் அதிகம் அடிபடும் பெயர் ஜப்பானின் இகுஜிரோ நொனாகா. சொல்லில் அடங்காத அறிவு சொல்லாக மாறி, தொகுக்கப்பட்டு, திரும்ப மனிதர்களின் கைப்பழக்கமாக இறங்குகிறது என்று ஒரு சுழற்சியாக 1990களில் விளக்கினார். அவர் காட்டிய புகழ்பெற்ற உதாரணம் மட்சுஷிதா கம்பெனியின் வீட்டு ரொட்டி மெஷின். மாவு சரியாகப் பிசைபடவில்லை. இகுகோ தனகா என்ற மென்பொருள் உருவாக்குநர் ஒசாகாவின் ஒரு ஹோட்டலில் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்க் கற்றார். அந்தக் கலைஞர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைக் கண்டார். ‘முறுக்கி இழுப்பது’ என்ற சொல் கிடைத்தது. பொறியாளர்கள் பாத்திரத்தின் உட்புறத்தில் புடைத்த வரிகள் வைத்து அதை மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள்.

அழகான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் கலைஞரின் கையிலிருந்த அறிவு அப்படியே மெஷினுக்குள் போய்விட்டதா என்று ரிபெய்ரோ, காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் கேள்வி எழுப்பினார்கள். போகவில்லை என்பது அவர்கள் முடிவு. மாவை அளந்து போடுவதிலிருந்து, வந்த ரொட்டி நல்ல ரொட்டிதானா என்று பார்ப்பதுவரை மீதி அறிவை மெஷினைச் சுற்றியிருக்கும் மனிதர்கள்தான் நிரப்புகிறார்கள். ஜெராக்ஸ் கதையும் என்னை இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. யுரேகாவில் ஏறியது அந்த ஐந்து மணி நேரம் அல்ல, அதன் முடிவு மட்டும். ‘ஈ-053 வந்தால் டைகொரோட்ரானைப் பார்’ என்ற வகைக் குறிப்பு, விஷயம் தெரிந்தவருக்கு நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். போர்டுக்கும் அந்தக் கம்பிக்கும் என்ன உறவு என்று தெரியாதவர் கையில் அது இன்னும் கொஞ்சம் நீளமான மேனுவல்தான்.

ஆக, கேள்வி வேறு உருவில் திரும்பி வருகிறது. குறிப்புகள் பெருகப் பெருக, ஒரு புதிய டெக்னீஷியன் தேடிப் பார்த்து, பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். நல்லதுதான், வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை. ஆனால் குறிப்பே இல்லாத கோளாறு வரும் நாளில் எதிரே உட்கார்ந்து ஒரு டஜன் கதை சொல்ல அவரிடம் எதுவும் சேர்ந்திருக்காது. கம்பெனிக்குக் கிடைத்த லாபமும் அவருக்கு நேர்ந்த இழப்பும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இழப்பு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

அந்த ஐந்து மணி நேரக்காரர்கள் இருவரும் மெஷினை ஓடவைத்ததோடு விடவில்லை. சாப்பிடப் போன இடத்தில் மற்ற டெக்னீஷியன்களிடம் நடந்ததை முதலிலிருந்து சொன்னார்கள். எங்கே ஏமாந்தார்கள், எந்த யோசனை பலிக்கவில்லை என்பதெல்லாம் அதில் வந்தது. குறிப்பாக எழுதச் சொன்னால் முதலில் வெட்டிவிடும் வரிகள் அவை.